மூலைமட்டம் அக்கா சாய்த்து வெட்டிய துண்டு

"அக்கா, நீங்க வெட்டிக் குடுத்த படிகத் துண்டு நல்லா இருக்கு."

"இதைச் சொல்லவா ரெண்டு மாடி இறங்கி வந்தே?"

"இல்ல... கொஞ்சம் ரொம்பவே நல்லா இருக்கு."

"அது என்ன ரொம்பவே?"

"ரெண்டு முனையும் நேரா இருக்கு."

"பின்னே? நீ குடுத்த படத்துல முனை சாய்ஞ்சு கெடந்துச்சு. புள்ள தூக்கக் கலக்கத்துல கோடு போட்டிருக்குன்னு நானே திருத்திட்டேன்."

"தூக்கக் கலக்கம் இல்லக்கா. வேணும்னுதான் சாய்ச்சேன்."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளப் பட்டறையில் படிகங்களை வெட்டி மெருகேற்றுவது அவள் வேலை. சாய்வு வேண்டும் என்று அவளிடம் வந்து கேட்ட முதல் ஆள் இந்த ஆய்வு மாணவிதான்.

எல்லோரும் அக்காவை, தச்சர் மூலை நேராக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கும் கருவியின் பேரால், மூலைமட்டம் என்றுதான் சொல்வார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமை. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு வருஷம் வில்லை தேய்த்துவிட்டு இங்கே வந்தவள். வீட்டிலும் அதே கதைதான். சுவரில் மாட்டிய கடிகாரம் ஒரு நூல் சரிந்திருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. "நான் கொஞ்சம் சாய்ஞ்சு உக்காந்தா என்னையும் நிமித்தி வெக்கிறா" என்று அவள் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

"நேரா இருந்தா உனக்கு என்ன குறைச்சல்?" என்றாள் அக்கா.

மாணவி மெல்லச் சொன்னாள். துண்டின் மேல் படிந்திருப்பது மெல்லிய காந்தப் படலம்; அதற்குள் கோடிக்கணக்கான குட்டிக் காந்தங்கள். ஒன்றை அசைத்தால் பக்கத்தில் இருப்பது அசையும். அசைவு அலையாக ஓடும். விளிம்புக்கு வந்ததும் அடுத்து அசைக்க ஆளில்லை. அலை திரும்பிவிடும். விளிம்பு நேராக இருந்தால் வந்த வழியே வந்து, புதிதாகப் புறப்படும் அலையோடு மோதிக் குழப்பும். அளவுக் கருவியின் திரையில் வழவழப்பான மேடாக வரவேண்டிய வரைபடம் சீப்புப் பல் மாதிரி வருகிறது.

அக்கா படிகம் அறுக்கும் வாள் குளிர வைத்திருந்த தண்ணீர்த் தட்டை விரலால் தட்டினாள். வளையம் ஓடி, விளிம்பில் பட்டு, திரும்பி வந்தது. தட்டினாள், மறுபடி தட்டினாள்.

"அப்ப சாய்ச்சா பக்கவாட்டுல ஓடிடும். கண்ணாடியில பட்ட வெளிச்சம் மாதிரி."

"ஓடிடும். ஆனா வெளிச்சம் மாதிரி வந்த கோணத்துலயே போகாதுக்கா. காந்தத்தை எந்தப் பக்கம் வெக்கிறோமோ, அதுக்குத் தக்கபடி கோணம் மாறும்."

"நல்ல வேளை, இது எங்க கடைக்கு வரல. வில்லை தேய்ச்சே பைத்தியம் புடிச்சிருக்கும்."

மாணவி சிரித்தாள். ஆனால் அளவுக் கருவி அவளுக்கு வெள்ளிக்கிழமை வரைதான். இருந்ததோ ஒரே துண்டு. சாய்த்து வெட்டும்போது கூர்மூலையில் விரிசல் விழுந்து உள்ளே ஓடினால், அடுத்த படலம் வர ஆறு மாதம் ஆகும்.

வியாழக்கிழமை காலை அக்கா துண்டை மெழுகால் கண்ணாடித் தகட்டில் ஒட்டினாள். சாய்த்து வைத்தாள். குனிந்து பார்த்தாள். கை தன்னாலே போய் அதை நேராக்கிவிட்டது. மறுபடி சாய்த்தாள், மறுபடி நேராக்கினாள். மூன்றாம் முறை தன் கையைத் தானே ஓங்கி ஒரு அடி போட்டாள்.

"சனியன், கேக்க மாட்டேங்குது."

மாணவி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அக்கா இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சாய்கோடு குறித்த முனையை மட்டும் விட்டுவிட்டு, துண்டு முழுவதையும் கறுப்புத் தாளால் மூடினாள். இப்போது கண்ணுக்குத் தெரிந்தது வெட்டவேண்டிய கோடு ஒன்றுதான். அந்தக் கோடு வாளுக்கு நேராக வரும்வரை தகட்டைத் திருப்பினாள். "இப்ப இது நேர்க்கோடு. துண்டு எப்படிக் கெடந்தா எனக்கென்ன?" என்றாள். வாள் இறங்கியது. இரண்டு முனைக்கும் முக்கால் மணி நேரம். உருப்பெருக்கியில் பார்த்தபோது, கூர்மூலையில்கூட ஒரு பொடி உதிரவில்லை.

வெள்ளிக்கிழமை திரையில் சீப்புப் பற்களைக் காணோம். வரைபடம் மேடாக எழுந்து மேடாகவே இறங்கியது. இத்தனை வருஷத்தில் மேல்மாடிக்கு வராத அக்கா, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"இந்த மேட்டுக்குத்தானா இவ்வளவு பாடு?"

"இதுக்குத்தான்க்கா. கட்டுரையில உங்க பேரைப் போட்டு நன்றி சொல்லப்போறேன்."

"பேரெல்லாம் நீயே வெச்சுக்கோ." அக்கா திரையில் இருந்த துண்டின் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யிடி தங்கம். இந்தப் படம் போடுற எடத்துல, வேணும்னேதான் சாய்ச்சு வெட்டினதுன்னு ஒரு வரி பெரிசா எழுதிடு. எவனாவது பாத்துட்டு, வெட்டினவளுக்குக் கை கோணல்னு சொல்லிடப்போறான்."