ஆம்பிளிஃபயருக்குப் பின்னாலிருந்து

போன வருஷம் ஆனி மாதம், பத்தமடைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் நூலகத்தின் ஆண்டு விழாவில் நடந்தது இது.

நான் மைக்செட் போடுகிறவன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பதினொரு வயதில் கூம்பு ஸ்பீக்கரைத் தோளில் தூக்கினேன், இப்போது ஐம்பத்திரண்டு. கல்யாணம், கோயில் கொடைவிழா, கட்சிக் கூட்டம் என்று ஊரே என் மைக்கில் பேசியிருக்கிறது. நான் பேசியது "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" மட்டும்தான். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒருநாள் நூலகத்தில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது, பழைய இசைத்தட்டில் முள் மாட்டினால் பாட்டு எப்படித் திக்கும் என்று நூலகர் அம்மாவுக்கு வாயாலேயே செய்து காட்டினேன். அதுதான் வினை. 'சினிமாப் பாட்டு வளர்ந்த கதை: ஒரே ஆள், அரைமணி நேரச் சிரிப்பு' என்று நோட்டீஸே அடித்துவிட்டார்.

டீக்கடை அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு, "என்னவே, நீரு பேசப் போறீராக்கும்? மைக் டெஸ்டிங்குக்கு மேல உமக்கு என்ன தெரியும்?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

சாயங்காலம் மேடை ஏறினேன். எதிரே இருநூறு பேர் இருக்கும். முதல் வரிசையில் என் மனைவி. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

"என்னவே, கரண்டு போயிட்டா?" என்று பின்வரிசையில் ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

இறங்கி ஓடிவிடலாம் என்று திரும்பியபோது, மேடை ஓரத்தில் என் ஆம்பிளிஃபயரின் சிவப்பு விளக்கு தெரிந்தது. மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போய் அதன் பின்னால் என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். யாரையும் பார்க்காமல், "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றேன். அது வந்தது. அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் வந்தது.

இசைத்தட்டுக் காலத்தில் நான் போய் முள்ளைத் தட்டிவிடும் வரை கதாநாயகன் 'கண்ணே, கண்ணே' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, கேசட் காலத்தில் நாடா சிக்கி, பாடகி நடுப்பாட்டில் ஆண்குரலுக்கு மாறியது, சிடியில் கீறல் விழுந்து சாமிப் பாட்டு வெட்டுக்கிளியாகத் தாவியது எல்லாவற்றையும் வாயாலேயே ஓட்டினேன்.

கடைசியாகச் செல்போன் காலம். அம்மன் கொடைக்கு ஊரே விரதம். என் போனிலிருந்து பக்திப் பாட்டு போய்க்கொண்டிருந்தபோது மனைவி கூப்பிட்டாள். பதறி எதையோ அழுத்திவிட்டேன். எட்டுக் கூம்பிலும் அவள் குரல்: "ஏங்க, உவரிக்காரம்மா வந்திருக்கா, கொடை முடிஞ்ச பொறவு கொழம்பு வைக்கக் கருவாடு வாங்கட்டுமா?"

அதை அவள் குரலிலேயே சொல்லி முடித்த பிறகுதான் திக்கென்றது. ஊர் முன்னால் அவளை இப்படி இழுத்துவிட்டோமே!

அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "அளக்காதிய! வெறும் கருவாடா கேட்டேன்? சாளைக் கருவாடுன்னு வெவரமால்லா கேட்டேன்!"

பந்தலே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் கவனித்தேன். ஸ்டூல் பின்னால் கிடந்தது. நான் மேடை விளிம்பில், எல்லாரையும் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்து வந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் டீக்கடையில், "வாரும்வே, அந்த முள்ளு மாட்டுனத இன்னொரு தடவ செய்யும்" என்று அண்ணாச்சியே பெஞ்சில் இடம் விட்டார்.

இப்போதும் ஊர் ஊராக மைக் டெஸ்டிங் சொல்லித்தான் பிழைக்கிறேன். ஆனால் அடுத்தவர் கையில் மைக்கைக் கொடுக்கும் முன், இதில் என் குரலும் ஒருநாள் ஊருக்குக் கேட்டது என்று நினைத்து, ஒரு நொடி கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறேன்.