எண்ணெய் வைத்த எட்டு நாள்

நோயாளிகளைப் பார்க்கப் போகும் சபையில் நான் பக்தியால் சேரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குச் சாமியார் எல்லோர் முன்னாலும், "நீங்களும் சேருவியள்தானே?" என்று கேட்டுவிட்டார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பது வயது, அரசாங்க அலுவலகமான கச்சேரியில் தட்டெழுத்தாளர், கலியாணம் ஆகவில்லை. புதன்கிழமை பின்னேரங்களில் எனக்கு வேறு அலுவல் இல்லை என்பது எங்கள் கடற்கரை ஊரான குருநகர் முழுக்கத் தெரிந்த விஷயம்.

இரண்டு பேராகத்தான் போகவேண்டும் என்பது சபையின் ஒழுங்கு. எனக்குச் சோடியாக வந்தவர் கருவாடு விற்கும் ஒரு விதவை. அக்கா என்று கூப்பிடுவேன். அவர் நோயாளியின் கட்டிலில் உரிமையோடு ஏறி இருந்து, மீன் விலையும் ஊர்ப் புதினமும் கதைப்பார். நான் கதிரை நுனியில் செபப் புத்தகத்தோடு இருப்பேன். வேலை செய்கிறவள் நான், இவர் வாயடிக்க வருகிறார் என்று எனக்குள் ஒரு நினைப்பு. அந்தக் காலத்தில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

நாங்கள் பார்த்த வீடுகளில் எனக்குப் பிடித்தது கரைப்பக்கம் இருந்த, தென்னங்கிடுகு வேய்ந்த ஒரு வீடு. அங்கே இருந்த, நான் மாமி என்று கூப்பிடுகிற பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வாதத்தால் முழங்கால்கள் வீங்கி, மூன்று வருடமாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. புருஷன் கடல் தொழில். கலியாண வயதில் ஒரு மகள். மாமிக்குக் கால்தான் வழங்கவில்லையே தவிர வாய்க்குக் குறைவில்லை. என்னைக் கண்டதும், "வாங்கோ, கச்சேரி வந்திட்டுது. இண்டைக்கு என்ன செபம் அடிச்சுக்கொண்டு வந்தனீங்கள்?" என்பார். எனக்குக் கோபம் வராது. அந்த வீட்டில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த வருடம் பங்குக்குப் புதிதாக ஓர் உதவிக்குரு வந்தார். சபைக் கூட்டத்தில் அவர் ஒரு விஷயத்தை விளக்கினார். சாகப்போகிறவர்களுக்குச் சாமியார் புனித எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் என்ற பெயரே இப்போது இல்லை. அது நோயில் பூசுதல். சாகக் கிடப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல, நெடுநாள் நோயாளிகள் மனத்தெம்பு பெறவும் அந்த எண்ணெயைப் பூசலாம். நான் உடனே எழுந்து மாமியைப் பற்றிச் சொன்னேன். அடுத்த புதன் வருகிறேன் என்றார். என் அக்கறையைப் பாராட்டி இரண்டு வார்த்தையும் சொன்னார். எனக்குத் தரையில் கால் படவில்லை.

அக்கா அந்தக் கிழமை காய்ச்சலில் படுத்திருந்தார். இருந்திருந்தால் என்னைத் தடுத்திருப்பார். நான் மாமி வீட்டுக்கும் ஒரு சொல் சொல்லவில்லை. திடீரென்று சாமியார் வந்து நின்றால் மாமிக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவள், இப்படி ஒரு புத்தி எனக்கு எப்படி வந்ததென்று இன்றைக்கும் விளங்கவில்லை.

புதன்கிழமை நான்கு மணிக்கு உதவிக்குரு நற்கருணையும் எண்ணெயும் கொண்டு நடந்தார். முன்னால் கோயில் ஆள் சின்ன மணியைக் கிலுக்கிக்கொண்டு போனார். ஒழுங்கையின் இரு பக்கமும் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் முழங்காலில் நின்றார்கள். யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். மணி மாமி வீட்டுப் படலைக்குள் திரும்பியதும் ஒழுங்கை முழுவதும் எழும்பிப் பின்னால் வந்தது. ஒரு பெண் கட்டிலருகே வெள்ளைத் துணி விரித்து மெழுகுதிரி கொளுத்தினார். இன்னொருவர் புருஷனைக் கூட்டிவரக் கரைக்கு ஆள் அனுப்பினார். மகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, சாமியாரைக் கண்டதும் "அம்மா!" என்று குழறி அழுதாள்.

மாமி அழவில்லை. சாமியாரின் கையிலிருந்த எண்ணெய்ச் சிமிழைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டார்.

இடுப்பில் நனைந்த சாரத்தோடு ஓடிவந்த புருஷன், "சாமி, ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார். "அறிவித்திருந்தார்கள், வந்தேன்," என்றார் உதவிக்குரு. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று அல்ல. என் பெயரைச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. இது சாவுக்கான எண்ணெய் இல்லை என்று அவர் அழகான தமிழில் விளக்கினார். எல்லோரும் பணிவாகக் கேட்டார்கள். ஒருவரும் நம்பவில்லை. அவர் மாமியின் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசிவிட்டுப் போனதும் புருஷன் சொன்னார்: "டொக்குத்தர் எங்களுக்கு மறைச்சுப்போட்டு, சாமிக்கு மட்டும் சொல்லியிருக்கிறான்."

அப்போதே நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். ஒழுங்கையே கூடி நின்றது. நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் கச்சேரி விட்டு நேரே அங்கே போனேன். மாமி தன் தோட்டைக் கழற்றி மகளின் காதில் போட்டிருந்தார். எந்தச் சேலை உடுத்தவேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். அயலவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தார். மருந்துப் போத்தல் மூடி திறக்காமல் இருந்தது. எங்கள் கரையில் அப்படி ஓர் எண்ணம் உண்டு. எண்ணெய் வைத்தபிறகு அந்த உடம்பு கடவுளுக்குரியது. அதற்கு மருந்து கொடுப்பதும் சாப்பாடு கொடுப்பதும் கடவுளோடு இழுபறிப்படுவது மாதிரி. மாமி கரண்டியால் தண்ணீர் மட்டும் குடித்தார். எண்ணெய் பூசிய உள்ளங்கைகளை விரித்து வைத்தபடியே படுத்திருந்தார்.

"பிள்ளை, உன்ரை குரல் நல்லது. நல்ல மரணத்துக்கான செபத்தை ஒருக்கா வாசி," என்றார்.

வாசித்தேன். அன்றைக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும் போய் வாசித்தேன். ஒவ்வொரு நாளும் அவரின் கன்னம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. உதவிக்குரு மீண்டும் வந்து சாப்பிடச் சொன்னார். "ஓம் சாமி," என்றாரே தவிர, வாய் திறக்கவில்லை. டொக்டர் வந்து ஒன்றுமில்லை என்றார். உள்ளதை மறைக்கிறவன் வேறெப்படிச் சொல்லுவான் என்று புருஷன் அவரைத் திட்டி அனுப்பினார். அந்தத் திட்டெல்லாம் எனக்குரியது என்று தெரிந்தும் நான் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பயம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. கூட்டத்தில் பாராட்டு வாங்கியவள் இப்படி ஒரு மடைத்தனம் செய்தாள் என்று ஊர் கதைக்குமே என்ற வெட்கம்தான் பெரிது.

எட்டாம் நாள் அக்கா காய்ச்சல் தெளிந்து என் வீட்டுக்கு வந்தார். வந்ததும் கேட்டார்: "நீதானே சாமியிட்டைச் சொன்னனி?"

தலையாட்டினேன்.

"நான் ஒருதருக்கும் சொல்லமாட்டன். சொல்லவேண்டியவள் நீ. ஆனா கெதியாச் சொல்லு. அவ உனக்காகப் பாத்துக்கொண்டு இருக்கமாட்டா."

இருவருமாகப் போனோம். அக்கா வாசலோடு நின்றுவிட்டார். நான் முதல்முறையாகக் கதிரையை விட்டுவிட்டு மாமியின் கட்டிலில் இருந்தேன். மாமி கண்ணை மூடியபடியே, "வாசி," என்றார்.

"இல்லை மாமி. டொக்டர் சாமிக்கு ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் சாமியைக் கூப்பிட்டனான். உங்களுக்குத் தெம்பா இருக்குமெண்டு நினைச்சன். உங்களுக்குச் சாவு வரேல்லை. நான்தான் வந்தனான்."

மாமி கண்ணைத் திறந்தார். புருஷன் சுவரோரம் எழும்பி நின்றார். அவர் எனக்கு அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"எட்டு நாள்," என்றார் மாமி. குரல் காற்றாக வந்தது. "என்ரை பிள்ளைக்குப் பிரியாவிடை சொல்லிப்போட்டுக் கிடந்தன். நீ அதிலை இருந்து எனக்குச் சாவுச் செபம் வாசிச்சனி."

"ஓம் மாமி."

"நான் செத்திருந்தா அப்பவும் சொல்லியிருக்கமாட்டாய், என்ன?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"சொல்லியிருக்கமாட்டன்," என்றேன்.

மாமி விரித்து வைத்திருந்த கைகளை மடக்கினார். பிறகு அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பி மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கஞ்சியைச் சூடாக்கிக் கொண்டுவா. இவளுக்கும் ஒரு கோப்பை ஊத்து. இவளும் எட்டு நாளாத் திண்ட முகமில்லை."

புருஷன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் அதற்குப் பிறகு ஒருபோதும் என்னோடு கதைக்கவில்லை. மகள் இரண்டு கோப்பை கொண்டுவந்தாள். மாமியால் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்தேன். கஞ்சி அவரின் நெஞ்சில் சிந்தியது. அவர் குடித்துக்கொண்டே இருந்தார்.