குண்டலுபேட்டைக்கு ஒரு தட்டு

வேலாயுதம் முழங்காலிட்டு, பென்சில் முனையை நாக்கில் தொட்டு, ரப்பர் ஷீட்டின் மேல் பதினேழு அங்குலத்துக்கு ஒரு கோடு இழுத்தார். அதன் இரு முனைகளிலிருந்தும் எட்டரை அங்குலம் இறக்கினார். அங்கிருந்து சாய்வாகப் பன்னிரண்டு, பன்னிரண்டு. இரண்டும் ஒரு புள்ளியில் கூடினால் ஐங்கோணம் முடிந்தது. பேஸ்பாலில் ஓடுபவர் மூன்று பேஸையும் சுற்றிவிட்டுக் கடைசியாக மிதிக்க வேண்டியது அதைத்தான். விதிப் புத்தகம் அதை ஹோம் பிளேட் என்கிறது. வேலாயுதத்துக்கு அது தட்டு.

ஷீட் நழுவாமல் எதிர்ப்பக்கம் அழுத்திப் பிடித்திருந்தவள் அவர் மகள் சொர்ணலதா. தொழிற்சாலை ஒன்றில் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் எஞ்சினியர். சனிக்கிழமை அரை நாள்.

"இந்த அளவு சேராதுப்பா," என்றாள். "பன்னெண்டையும் பன்னெண்டையும் மூலைமட்டத்துல வெச்சா எதிர்ப்பக்கம் பதினேழு வராது. முக்கா மில்லிமீட்டர் ஒதைக்குது. புக்குல இருக்கற படத்த வரையவே முடியாது."

"வரைய முடியாதத வெச்சுத்தான் கண்ணு இத்தன வருசமா ஆடிட்டிருக்காங்க. என்ற பென்சில் கோடே ஒரு மில்லிமீட்டர் தடிமன். உன்ற முக்கா மில்லிமீட்டரு அதுக்குள்ளயே போயிரும். கத்தியக் குடு."

கத்தியைக் கொடுத்தாள். அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. மறுநாள் மதியம் அவர் இல்லை.

ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பிழைப்புக்கு மைசூர் வந்து டயர் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலை மைதானத்தில் ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளின் பேஸ்பால் போட்டி நடந்தது. வர வேண்டிய அம்பயர் வரவில்லை. ஸ்டோரில் ஒரு போல்ட்டு கேட்டால்கூடக் கையெழுத்தில்லாமல் தராத மனுஷன் இவர்தான் என்று யாரோ கைகாட்ட, பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஆட்டம் முடிந்த பிறகுதான் விதிகளைப் படித்தார். படித்து முடித்ததும், அன்று தான் சொன்னதில் பாதி தப்பு என்று இரு பள்ளிகளுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வருஷமும் அவரையே கூப்பிட்டார்கள். அதிலிருந்து மைசூர் வட்டாரத்து ஹைஸ்கூல் பேஸ்பாலில், தட்டுக்குப் பின்னால் பந்து பிடிக்கும் காட்ச்சருக்குப் பின்னால் குனிந்து நிற்கும் ஆள் அவர்தான்.

வீட்டில் அவர் குரல் அடுத்த அறைக்குக் கேட்காது. மைதானத்தில் "ஸ்ட்ரைக்" என்றால் அடுத்த தெருவில் நாய் எழுந்து நிற்கும். ஃபேக்டரி கொடுத்த இரும்பு முனை ஷூவைப் பாலிஷ் போட்டுத்தான் நிற்பார். இரு அணியும் டீ நீட்டும். எதையும் தொட மாட்டார். சொந்த ஃபிளாஸ்க். இரண்டு இன்னிங்ஸுக்கு ஒருதரம் தட்டின் மேல் மண் சேர்ந்துவிடும். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தட்டைச் சுற்றி முன்பக்கம் வந்து, மைதானத்துக்கு முதுகு காட்டி, ஜனங்கள் பக்கம் முகம் வைத்துத்தான் குனிந்து துடைப்பார். அது அம்பயர்களின் பழக்கம். அவர் சொல்லும் காரணம் வேறு: "பெத்தவுங்க உக்காந்திருக்காங்க. அவுங்களுக்குப் பின்னாடியக் காட்டிட்டா கூட்டறது?"

பெற்றவர்கள் அவ்வளவு மரியாதை பார்த்ததில்லை. ஒருதரம் ஒரு தகப்பனார், "கண்ணு குருடாய்யா உனக்கு?" என்று கத்தினார். வேலாயுதம் முகக்கவசத்தைக் கழற்றினார். "ஏனுங், நீங்க நூறடி தள்ளி இருக்கறீங்க. நான் அஞ்சடில இருக்கறேன். ரெண்டு பேர்ல ஒருத்தரு குருடுதானுங்," என்றுவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஆட்டமில்லாத நாளில் எதற்கும் தீர்ப்புச் சொன்னதில்லை. தெருவில் வண்டி நிறுத்தும் சண்டைக்கு, அம்பயர் சார் சொல்லட்டும் என்று வருவார்கள். "நான் பாக்கலீங். பாக்காததுக்குச் சொல்ல மாட்டேன்," என்பார். பார்த்திருந்தாலோ, "எங்கிட்ட யாரும் கேக்கலீங்களே," என்பார். பாதி உலகத்துக்கு இதனால் அவர் மேல் எரிச்சல். மீதிப் பாதி அவர் மனைவி.

அந்த எரிச்சலுக்குப் பேஸ்பாலில் ஒரு விதி உண்டு. கிரிக்கெட்டில் கேட்டால்தான் அவுட் என்பதுபோல இங்கேயும் ஒன்று. ஓடுபவர் தட்டை மிதிக்காமல் போய்விட்டால், அம்பயர் அதைப் பார்த்திருந்தாலும் வாய் திறக்கக் கூடாது. எதிரணியில் ஒருவர் பந்தோடு வந்து தட்டை மிதித்துக் கேட்க வேண்டும். கேட்டால் அவுட். கேட்காவிட்டால் ரன். கேட்கும்வரை அம்பயர் அவுட்டும் காட்டக் கூடாது, கையை விரித்து சேஃப் என்றும் காட்டக் கூடாது. சும்மா நிற்க வேண்டும்.

இந்த வருஷம் பெண்களுக்கான மண்டல இறுதிப் போட்டியில் அவர் அப்படித்தான் நின்றார்.

மைசூர் பள்ளி ஒன்றும் குண்டலுபேட்டைப் பள்ளியும். கடைசி இன்னிங்ஸில் சமநிலை. மூன்றாவது பேஸில் குண்டலுபேட்டை வினிதா. அடி விழுந்ததும் ஓடி வந்தாள். பந்து காட்ச்சர் தலைக்கு மேல் போயிற்று. வினிதா ஒரே தாவாகத் தட்டைத் தாண்டி விழுந்தாள். கூட்டாளிகள் அவளைத் தூக்கிக்கொண்டார்கள். பாதத்துக்கும் தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்ததை வேலாயுதம் பார்த்தார். வேறு யாரும் பார்க்கவில்லை. மைசூர்ப் பெண்கள் அழுதுகொண்டே ஒவ்வொருத்தியாக வெளியேறினார்கள். கடைசிப் பெண் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அதற்குப் பிறகு கேட்டும் பயனில்லை. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வந்தவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தீர்ப்பில் அவருக்குச் சந்தேகமில்லை. அந்தப் பெண் ஏன் தாண்டினாள் என்பதுதான் உறுத்தல். குண்டலுபேட்டைப் பள்ளியின் பி.டி. மாஸ்டர் நஞ்சுண்டசாமிக்குப் போன் போட்டார். சொர்ணலதா பக்கத்தில் இருந்தாள்.

"ஏனுங் மாஸ்டரே, உங்க கிரவுண்டுல தட்டு எதுலீங்க போட்டிருக்கறீங்க? சுண்ணாம்புலயா? மிதிச்சா அழிஞ்சு போகாதுங்களா? ஓஹோ. மிதிச்சவளுக்கு ரெண்டு ரவுண்டா. செரி, செரி. சும்மாத்தான் கேட்டேனுங்."

போனை வைத்தார். "கேட்டியா கண்ணு? அந்த ஸ்கூல்ல ரப்பர் தட்டு இல்ல. கோலமாட்ட சுண்ணாம்புல போடறாங்க. மிதிச்சு அழிச்சா ரெண்டு ரவுண்டு ஓடோணும். பிள்ளைக தாண்டிப் பழகிக்கிச்சு."

அடுத்த மாதம் துமகூரில் மாநிலப் போட்டி. அதில் நன்றாக ஆடினால் வினிதாவுக்கு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம் கிடைக்கும் என்று பேச்சு. அங்கேயும் தாண்டினால், எதிரே கேட்கத் தெரிந்த காட்ச்சர் ஒருத்தி இருப்பாள்.

"மிதிக்கச் சொல்லுங்கன்னு மாஸ்டர்கிட்டச் சொல்லிட வேண்டியதுதானேப்பா," என்றாள் சொர்ணலதா, சனிக்கிழமை ரப்பரைப் பிடித்துக்கொண்டே.

"நின்ன எடத்துல பாத்தத ஒரு பக்கத்துக்கு மட்டும் சொன்னா நான் அம்பயர் இல்ல. அவுங்க கோச்சு."

"தட்டு செஞ்சு குடுக்கறது மட்டும்?"

"அதுக்குத்தான் ரெண்டு வெட்டறோம். ஜெயிச்சவுங்களுக்கு ஒண்ணு, தோத்தவுங்களுக்கு ஒண்ணு. ரெண்டு பக்கமும் குடுத்தா அது கிரவுண்டு வேல."

"தோத்தவங்ககிட்ட ஏற்கெனவே தட்டு இருக்கு."

"அது பழசாயிருச்சு," என்றார் வேலாயுதம், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கதவு அடிக்குது, அடில வெக்க ஒரு துண்டு ரப்பர் வெட்டிக் குடுங்கன்னு எத்தன நாளாக் கேக்கறேன். ஊருக்கெல்லாம் வெட்டறாங்க."

"நீயும் முறையாக் கேளு. தர்றேன்."

முதல் தட்டை அன்று மாலையே ஸ்கூட்டரில் வைத்து மைசூர்ப் பள்ளியில் கொடுத்துவிட்டு வந்தார். குண்டலுபேட்டைத் தட்டுக்கு ஞாயிறு காலை இரண்டாவது கோட்டு வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். அந்தச் சின்ன வீட்டில் வெயில் விழுவது வாசற்படிக்கு முன்னால் மட்டும்தான். அங்கே காய வைத்தார். மண்ணெண்ணெயில் கையைக் கழுவினார். "நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போயிட்டு மத்தியானத்துக்குள்ள வந்தர்றேன்," என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டார். அம்மா காபியோடு வந்தபோது தலை சாய்ந்திருந்தது. இதயம் என்றார்கள்.

சொர்ணலதா அழவில்லை. வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டாள். சான்றிதழுக்கு அலைந்தாள். படுக்க வைத்திருந்த முகத்தைப் பார்த்தபோது, நெற்றியில் முகக்கவசத்தின் பட்டை படும் இடம் மட்டும் வெளுத்திருப்பது தெரிந்தது. அதன் அகலத்தைக் கண்ணாலேயே அளந்தாள். வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் வாசலில் ஒரு கணம் தயங்கி, காலைத் தூக்கி வைத்துத் தாண்டி வந்தார்கள். எதிர்வீட்டு லிங்கம்மா மெதுவாகக் கேட்டாள்: "ஏன் சொர்ணா, இது உங்க ஊர்ப் பக்கத்து சாஸ்திரமா?"

"சாஸ்திரம் இல்ல ஆண்ட்டி. பெயிண்ட் காயல."

யாரோ அதை ஓரமாக எடுத்து வைக்கக் குனிந்தார்கள். "இருக்கட்டும்," என்றாள். அவரைத் தூக்கிப் போனவர்களும் அதைத் தாண்டித்தான் போனார்கள். சாயங்காலம் தூறல் போட்டது. குடையை எடுத்துப் போய்த் தட்டின் மேல் விரித்து வைத்துவிட்டு, நனைந்துகொண்டு உள்ளே வந்தாள்.

திங்கட்கிழமை, அவர் குண்டலுபேட்டைக்குப் போய் இறங்கியிருக்க வேண்டிய நேரத்தில், குண்டலுபேட்டையிலிருந்து இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். நஞ்சுண்டசாமி மாஸ்டர். கூட, பள்ளிச் சீருடையில் ஒரு பெண்.

"நேத்து ராத்திரிதான் தெரிஞ்சுதும்மா. யாரோ வாட்ஸப்புல போட்டிருந்தாங்க. இவ நானும் வர்றேன்னு ஒரே அடம்," என்றார் மாஸ்டர். "வினிதா."

வினிதா செருப்பைக் கழற்றினாள். கீழே பார்க்கவில்லை. இடது காலை எடுத்து, வெள்ளை ஐங்கோணத்தை அப்படியே தாண்டி, வீட்டுக்குள் வந்து இறங்கினாள்.

அன்றைக்கும் நீ மிதிக்கவில்லை என்பது சொர்ணலதாவின் வாய் வரை வந்துவிட்டது. அவள் அம்பயர் இல்லை. எந்த விதியும் அவளைத் தடுக்காது. ஆனாலும் அது அவர் பார்த்தது. அவர் சொல்லாமல் வைத்திருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

வினிதா, சொர்ணலதாவின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து போனைக் காட்டினாள். கூட்டாளி எடுத்த வீடியோ. அடி, ஓட்டம், தாவல், கூச்சல். அதற்குப் பின்னால் கறுப்பு ஷூவில் வேலாயுதம். அம்மா திரையைத் தடவினாள். "பாரு, எப்புடி நிக்கறாரு. ஒரு சிரிப்பு உண்டா."

"நாங்க எல்லாரும் போன அப்புறமும் சார் அங்கேயே நின்னாருங்க பாட்டி," என்றவள், வீடியோவை மறுபடி ஓட விட்டாள். மூன்றாம் முறை பார்க்கும்போது விரலால் நிறுத்தினாள். நிமிர்ந்து சொர்ணலதாவைப் பார்த்தாள்.

"அக்கா, சார் ஏன் கைய விரிக்கவே இல்ல?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பார்," என்றாள் சொர்ணலதா.

வினிதா போனை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்தாள். மாஸ்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இது எதற்கு வாசலில் என்று கேட்டார்.

"உங்க ஸ்கூலுக்குச் செஞ்சது சார். ரெண்டு செஞ்சார். மைசூர் டீமுக்கு ஒண்ணு குடுத்தாச்சு. இத இன்னைக்கு உங்க ஊருக்குக் கொண்டு வர்றதா இருந்தார்."

நஞ்சுண்டசாமி எழுந்து வாசல்வரை போய்த் தட்டைப் பார்த்தார். "சும்மாத்தான் கேட்டேன்னாரு போன்ல," என்றார். துண்டால் மூக்கைத் துடைத்தார். "குடுங்கம்மா, நாங்களே எடுத்துட்டுப் போறோம். பஸ்ஸுல மடியில வெச்சுக்கறேன்."

சொர்ணலதா குனிந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். விரல் ஒட்டியது. "காயல சார். இன்னொரு கோட்டு அடிக்கணும். நான் கொண்டு வர்றேன்."

பஸ்ஸுக்கு நேரமாயிற்று. மாஸ்டர் பழக்கப்படி தட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினார். பின்னால் வந்த வினிதா வாசற்படியில் நின்றாள். வலது காலைத் தூக்கினாள்.

"ஏய், மிதி..." என்று ஆரம்பித்த மாஸ்டர் மீதியை விழுங்கிக்கொண்டார்.

வினிதா பாதம் முழுவதையும் தட்டின் நடுவில் வைத்து, உடம்பின் பாரத்தை எல்லாம் அதில் இறக்கி, ஓடி வந்து சேர்ந்தவள் அம்பயரைப் பார்ப்பதுபோலத் திரும்பி மேலே பார்த்தாள்.

சொர்ணலதா ஒரு விரலில் பெயிண்டோடு, உள்ளங்கைகள் தரையைப் பார்க்க, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தாள்.