தொண்டையா, தொக்கமா?

காளவாசலில் குழந்தை டாக்டரைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வீடு வந்தோம்.

போன மாதம் தொண்டை வலியும் காய்ச்சலுமாகக் கிடந்து எழுந்ததிலிருந்து, மகள் ஓயாமல் கண் சிமிட்டுகிறாள், தோல் உரியும்வரை கை கழுவுகிறாள். கண் டாக்டர், நரம்பு டாக்டர் எல்லாம் பார்த்தாயிற்று. பள்ளிக்கூடத்தில் சேட்டை என்றார்கள்.

இன்றைக்குப் பார்த்தவர்தான் முதன்முதலாக "ஆ காட்டும்மா" என்றார். தொண்டைக் கிருமியோடு சண்டைக்குப் போகிற உடம்பு, சில பிள்ளைகளுக்கு மூளையையும் சேர்த்து அடித்துவிடுமாம். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஆனையூர் பஸ்ஸில் வரும்போதே, வீட்டுக்காரரின் அக்காவுக்குப் போன் போட்டேன். "எல்லாம் தொண்டையில இருந்து வந்ததாம், மதினி."

"நான் அப்பவே சொன்னேன்ல, தொக்கம்னு! தின்னது தொண்டையில சிக்கிக் கெடக்கு. திருப்பரங்குன்றத்துல ஒரு அம்மா ஊதியே எடுத்துவிடுது. எம்புட்டுத் தடவை கூப்பிட்டேன்?"

"அது கிருமி, மதினி."

"அதைத்தான நானும் சொல்றேன்!"

ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போகிறாராம். மாத்திரையை இன்றே ஆரம்பித்துவிட்டேன்.

குணமானால் பேர் தொக்கத்துக்குத்தான். போகட்டும், அவள் சிமிட்டாமல் என்னைப் பார்த்தால் சரி.

குணமாகாவிட்டால் பழி யார் தலையில் என்று மட்டும் நீங்களே சொல்லுங்கள்.