ஹெல்மெட் வராத ஞாயிறு: கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு ஹாக்கிப் பயணம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருப் பெண்பிள்ளைகளின் ஹாக்கி அணியோடு சிதம்பரம் போனேன். துணைக்குப் பெரியவர் ஒருவர் வேண்டும் என்றார்கள். பெற்றோரில் ஒருவருக்கும் ஒழியவில்லை. எல்லா ஆட்டத்திலும் தோற்ற அணிக்கு யார் வேன் கொடுப்பார்கள்? பஸ்தான்.

காலை 6.30-க்குக் கடலூர் பேருந்து நிலையம். பெண்களுக்கு இலவசம் என்பதெல்லாம் டவுன் பஸ்ஸோடு சரி. இதில் ஆளுக்கு முப்பத்தெட்டு ரூபாய். கோல்கீப்பர் சாமான்களை ஒரே மூட்டையாகக் கட்டினால் கண்டக்டர் லக்கேஜ் போடுவார். அதனால் எங்கள் பிள்ளைகள் ஆளுக்கொன்றாகப் பிரித்து மடியில் வைத்துக்கொள்வார்கள். ஹெல்மெட் மட்டும் மோனிஷாவிடம். இரண்டு மாதம் முன்பு அவள் மட்டையில் பட்டுத் தெறித்த பந்துதான் கோல்கீப்பர் ஜெனிபரின் புருவத்தைக் கிழித்தது. அன்று ஹெல்மெட் இல்லை. பிறகு வாங்கினோம், அதை வேறு யாரையும் தொட விடமாட்டாள் மோனிஷா.

பஸ் கிளம்பும் நேரத்தில் அவளிடமிருந்து போன். "தாத்தா, மாமா வீட்டுலேந்து வரேன், திருவந்திபுரத்துல ஒரே கல்யாண வண்டியா நிக்குது. நவுரவே மாட்டேங்குது. நீங்க போங்க, வீட்டு வீட்டுக்குப் பால் ஊத்திட்டு எங்க மாமா வந்துடுவாரு, பைக்குல வந்துடுறேன்."

முகூர்த்த நாள். திருவந்திபுரம் கோயிலில் வரிசையாகக் கல்யாணம் நடக்கும். காலண்டரைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை ஜெனிபர் புருவத்துத் தழும்பைத் தடவிக்கொண்டே வந்தாள். எட்டு மணிக்குச் சிதம்பரம். மைதானம் மண்தரை, நடுவில் சரளைக்கல். கேட்டால், "இருக்கறத வச்சி ஆடுங்க பெரியவரே" என்றார் போட்டி நடத்துபவர் ஒருவர். கடலூர்க்காரர்கள் என்றால் இளக்காரம்.

ஹெல்மெட் இல்லாமல் கோல்கீப்பர் நிற்கக்கூடாது என்றார் நடுவர். விதியை நானும் படித்திருக்கிறேன், சரிதான். கீப்பரே இல்லாமல் ஆடினார்கள். ஜெனிபர் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்கு அந்த நிம்மதிதான் பயம். அடிபட்ட பிறகு அவள் ஒரு பந்தைக்கூட எதிர்கொண்டதில்லை. இன்றும் இறங்காவிட்டால் இனி ஒருநாளும் இறங்க மாட்டாள்.

இடைவேளையில் 0-3. அப்போது ஒரு பைக் வந்தது. பின்னால், கோல்கீப்பர் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டியபடியே மோனிஷா.

ஜெனிபர் அதை வாங்கி முகர்ந்தாள். "நாறுதுடி."

"கடலூர்லேந்து போட்டுனு வரேன். மல்லிப்பூ வாசனையா வரும்?"

"பயமா இருக்குடி."

"எனக்குந்தான். நீ நில்லு. நான் முன்னால நிக்கிறேன்."

ஹெல்மெட் வாரை மோனிஷாதான் மாட்டிவிட்டாள்.

இடைவேளைக்குப் பிறகு ஐந்தாவது நிமிடம் எதிரணிக்குப் பெனால்டி கார்னர், கோலுக்கு எதிரே நின்று அடிக்கும் வாய்ப்பு. பந்து நேராக ஹெல்மெட் கம்பியில் மோதியது. அந்தச் சத்தத்தில் என் கால் தானாக மைதானத்துக்குள் ஓடியது. அவளை வெளியே இழுத்துவந்துவிடுவது என்றுதான் ஓடினேன்.

"தாத்தா, கோட்டுக்கு அந்தாண்ட போங்க. கார்னர் இன்னும் முடியல," என்றாள் ஜெனிபர்.

அதற்குமேல் ஒரு கோலும் விழவில்லை. அதே 0-3-ல் தோற்றோம்.

இப்படிப் போகிறவர்களுக்கு: முகூர்த்த நாளில் திருவந்திபுரம் பாதையை நம்பாதீர்கள். ஹெல்மெட்டை வைத்திருக்கும் பிள்ளையிடமிருந்து முந்தின நாளே வாங்கி வைத்துவிடுங்கள். மைதானத்தில் நிழல் கிடையாது.

ஒழுங்காக ஊர் போய்ச் சேருங்கள், இந்த விளையாட்டு எதற்கு என்று திரும்பும் பஸ்ஸில் ஒருவர் எனக்குப் புத்தி சொன்னார். அடுத்த ஆட்டத்திலும் ஜெனிபர் கோலில் நிற்கப்போகிறாள். கோட்டோரம் பயந்துகொண்டு நானும் நிற்பேன்.