ஃப்ரீஸ்லாந்துப் பூஜ்யம்

விட்ஸ்கேவுக்கு எதைக் கண்டாலும் முகம் சுளிக்கும். ல்யூவார்டன் நகரில் அவள் வேலை செய்யும் அலுவலகத்தின் காபி இயந்திரம் துப்பும் கறுப்புத் தண்ணீர், பக்கத்து மேசைக்காரன் வாயைத் திறந்து மெல்லும் சத்தம், 'சுமார்' என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியமும். மாட்டுப்பண்ணையில் பிறந்து சாணம் அள்ளி வளர்ந்தவளுக்கு இத்தனை அருவருப்பு எங்கிருந்து வந்தது என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். "சாணி நாறும், அவ்வளவுதான். நான் சாணியே இல்லன்னு அது சொல்லாது," என்பாள்.

ஏரி, கால்வாய்க் கரைகளின் உயரத்தை நீரோட்ட மென்பொருளில் ஏற்றி, பெருமழை வந்தால் தண்ணீர் எங்கே ஏறும் என்று வரைபடம் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. தலை நரைக்கும்வரை அதையேதான் செய்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்திருந்தால் சுமார் ஆறு மணிக்கு வீடு திரும்பும் ஒரு மனிதனோடு மல்லுக்கு நின்றிருப்பாள்.

உயரம் என்றால் எதிலிருந்து உயரம்? இப்போது நாடு முழுக்க ஆம்ஸ்டர்டாம் பூஜ்யத்திலிருந்துதான் அளக்கிறார்கள். ஆனால் மொழி வேறு, கொடி வேறு என்று பீற்றிக்கொள்ளும் எங்கள் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்துக்காரர்கள் பூஜ்யத்தை மட்டும் கடன் வாங்குவார்களா? ஏரிகளின் கோடைக்கால நீர்மட்டத்தையே தங்கள் பூஜ்யமாக வைத்திருந்தார்கள். அது ஆம்ஸ்டர்டாம் பூஜ்யத்தைவிட அறுபத்தாறு சென்டிமீட்டர் கீழே. பழைய கரைப் படங்களில் இன்னும் அந்தக் கணக்குதான் இருக்கிறது.

ஒரு மார்ச் மாதம் ஏரிக்கரைப் புதுத்தெருவின் கணக்கை மென்பொருளில் திறந்து பார்த்தாள். பழைய படத்து எண்ணை யாரோ அறுபத்தாறைக் கழிக்காமல் அப்படியே ஆம்ஸ்டர்டாம் எண்ணாகப் போட்டிருந்தார்கள். ஒரு கூடை மண் கொட்டாமல் கரை இரண்டடி வளர்ந்திருந்தது! அந்தக் கரையை நம்பித்தான் தெருவுக்கே அனுமதி கிடைத்தது. மட்டத்தைத் திருத்திப் பெருமழைக் கணக்கை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். வீடுகளின் முன்னறையில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. அதில் ஒரு வீடு அவள் தங்கை கெர்பிரிக் போன வருஷம் வாங்கியது.

மேலாளர் ஹெஸ்ஸலிடம் போனாள். அவள் சொன்னதைச் சீஸ் ரொட்டியை மென்றுகொண்டே கேட்டான்.

"கம்ப்யூட்டர் கணக்குன்னா கொஞ்சம் முன்னபின்ன இருக்கத்தான் செய்யும், விட்ஸ்கே."

"முழங்கால் வரைக்கும் தண்ணி வருது. அதுக்குப் பேரு முன்னபின்னயா?"

"அடுத்த ஆய்வுல சேத்துக்கலாம். நாமளே எதுக்கு நம்ம வாயால..."

"இந்த எண்ணப் போட்டது யாரு?"

ஹெஸ்ஸல் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போட்டதே அவன்தான். பூசி மெழுகப் பார்க்கிறான் ஆளு! அவன் மேசையிலேயே காறித் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு.

தங்கைக்காவது கோபம் வரும், இரண்டு பேருமாகப் போய்க் கரையை உயர்த்தச் சொல்லிச் சண்டை போடலாம் என்று நினைத்து சைக்கிளை மிதித்தாள். கெர்பிரிக் முழுவதையும் கேட்டாள். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஹெஸ்ஸலுக்கு. அவன் வாயத் தொறக்க மாட்டான்."

"நல்லதாப் போச்சு. நீயும் கொஞ்ச நாள் பொறு. நாங்க வீட்ட வித்துட்டுப் போயிடறோம்."

"யார் தலையில கட்டுவ?"

"ஒரு ஜோடி ரொம்ப ஆசப்பட்டுக் கேட்டுட்டுப் போச்சு. சின்னஞ்சிறுசுங்க. அவ மாசமா இருக்கா. கீழ் ரூம்ல தொட்டில் போடலாமான்னு கேட்டா."

"சொல்லவே வாய் கூசலயா உனக்கு?"

"ஊருக்கெல்லாம் நல்லது பண்ணு. கூடப்பொறந்தவள மட்டும் தண்ணில முக்கு."

ஹெஸ்ஸல் அயலான், திட்டிவிட்டு வந்துவிடலாம். இவளுக்கோ அம்மாவின் அதே மூக்கு, தனக்கும் இருக்கிற மூக்கு. அதைப் பார்க்கப் பார்க்க விட்ஸ்கேவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் சரியான மட்டத்தை வைத்து எடுத்த வரைபடத்தைத் தன் பெயர் போட்டு நகராட்சிக்கு அனுப்பினாள். தெரு முழுக்க நீலம். வீடு வாங்க வந்த ஜோடி விலகிக்கொண்டது. ஹெஸ்ஸல் அவளோடு பேசுவதை நிறுத்தினான். அது ஒன்றுதான் லாபம். கெர்பிரிக் போனை எடுக்கவே இல்லை.

ஆனால் தெருவில் கூச்சல் பெரிதாகி, நகராட்சி கரையை உயர்த்த ஒப்புக்கொண்டது. களிமண் லாரிகள் வந்த அன்று தெருக்காரர்கள் மேசை போட்டுக் காபி ஊற்றிக் கொடுத்தார்கள். விட்ஸ்கேவையும் வரச் சொல்லியிருந்தார்கள். கெர்பிரிக் ஓடிவந்து கட்டிப்பிடித்து, எங்கள் வழக்கப்படி கன்னம் மாற்றி மூன்று முத்தம் கொடுத்தாள். பிறகு தோளில் கையைப் போட்டுக்கொண்டு எல்லாரும் கேட்கும்படி சொன்னாள்:

"பாவம், இவ பயந்துட்டே இருந்தா. நான்தான் சொன்னேன், எதையும் மறைக்காத, போட்டு ஒடச்சிடுன்னு."

எல்லாரும் கைதட்டினார்கள். விட்ஸ்கே அவள் கையை விலக்கிவிட்டு, பக்கத்து வீட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து சோப்புப் போட்டு முகம் கழுவினாள்.