மைக் வசந்தகுமாரும் மாறாத பருவமும்

மைக்கைத் தட்டிப் பார்க்கும் வழக்கம் வசந்தகுமாரிடம் கிடையாது. இரண்டு மிளகை வாயில் போட்டுக்கொண்டு, “கும்பகோணம்” என்று ஒருமுறை சொல்வார். அது எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்தால் எல்லாம் சரி. பிறகு அவருடைய விளம்பர ஆட்டோ நகரும். எங்கள் ஊரையும் சுற்றியுள்ள பதினோரு கிராமங்களையும் எழுப்புவது அந்தக் குரல்தான். என் வாசலைக் கடக்கும் நேரம் காலை 7.40, மூன்று நிமிடம் முன்பின் இருக்கலாம்.

வயது நாற்பத்தாறு. ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கு ஒரு குரல், கும்பாபிஷேகத்துக்கு ஒரு குரல். மரண அறிவிப்புக்கு மட்டும் இன்ஜினை அணைத்துவிடுவார். “சாவு சொல்றப்ப வண்டி ஓடக் கூடாது சார். செத்தவருக்கு அதுகூட செய்யலன்னா எப்படி?” அதனால் ஆட்டோ சத்தம் நின்றாலே ஊர் வாசலுக்கு வந்துவிடும். வெள்ளம் வந்த வருடம் ஆற்றங்கரையில் இன்ஜினை அணைத்து அவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு நாற்பத்தொரு குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தோடு பள்ளிக்கூடத்துக்கு நகர்ந்தன.

கார்த்திகையில் அவருக்குப் புதிய வாடிக்கை கிடைத்தது. ‘உழவர் உண்மை அறக்கட்டளை’ என்று பெயர். முகவரி இல்லை, ஒரு கைப்பேசி எண் மட்டும். வழக்கமான வாடகையைப் போல் இரண்டு மடங்கு, டீசல் தனி. ஆட்டோவின் கூரையை மூடிப் பின்னால் தொங்க, பன்னிரண்டடிக்குப் பத்தடியில் ஒரு ஃப்ளெக்ஸ்: ‘பருவம் மாறவில்லை, பயம் வேண்டாம்.’ படிக்க வேண்டியதையும் எழுதியே அனுப்பினார்கள். பருவநிலை மாற்றம் வெளிநாட்டான் கட்டிவிட்ட கதையாம். மழை வரும் என்று மிரட்டித் தார்ப்பாயும் காப்பீடும் விற்கிறார்களாம்.

“யாருப்பா இவங்க? இதைச் சொல்ல எதுக்கு இவ்வளவு செலவழிக்கிறாங்க?” என்று கேட்டேன்.

“அது எனக்கெதுக்கு சார்? போன்ல பேசுறவரு ரொம்ப மரியாதையான ஆளு. பழைய மழைக் கணக்கு கேட்டாரு. உங்ககிட்ட இருக்குமே, கொஞ்சம் குடுங்க.”

1981 முதல் தினமும் காலை 8.30க்கு மழைமானியைப் பார்த்து எழுதிவருகிறேன். எழுதிக் கொடுத்தேன்: 1986இல் 1,043 மில்லிமீட்டர், சென்ற ஆண்டு 1,051. மழை பெய்த நாட்கள் 58இலிருந்து 39 ஆனதையும், தை மாதத்தில் ஒரே நாளில் ஐம்பது மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுவது இப்போது அடிக்கடி நடப்பதையும் அதே தாளில் கீழே எழுதியிருந்தேன். மூன்றாம் நாள் ஒலிபெருக்கியில் மேல்வரி மட்டும் வந்தது. “எட்டே எட்டு மில்லிமீட்டர்தாங்க வித்தியாசம்! இதுக்கா இத்தனை கூப்பாடு?”

கீழ்ப்பாதி எங்கே என்று கேட்டேன். “அனுப்பினேன் சார், அவங்க வெட்டிட்டாங்க. படிக்கிறதுக்கும் நீளந்தானே” என்று சிரித்தார்.

தை 19. வேளாண்மை அலுவலகம் அவரை அவசரமாகப் பிடித்தது. மாலைக்குள் கனமழை, நெல்லை மூடச் சொல்ல வேண்டும். கொள்முதல் நிலையக் களத்தில் அறுத்த நெல் குவியல் குவியலாக எடைக்குக் காத்திருந்தது. அதில் ஒன்று அவருடைய அக்கா நீலாம்பாளுடையது. குத்தகைக்குப் பயிரிட்ட முக்கால் ஏக்கரின் மொத்த விளைச்சல். நனைந்தால் முளைத்துவிடும், யாரும் வாங்க மாட்டார்கள். நானும் அங்கே இருந்தேன்.

இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் சொன்னார். களத்தில் சிரிப்பு.

“ஏப்பா மைக்கு, தையில ஏது மழை, தார்ப்பாய் விக்கிறதுக்குப் பயங்காட்டுறாங்கன்னு திங்கக்கிழமை சொன்னது உங்க அண்ணனா?”

நீலாம்பாள் சிரிக்கவில்லை. “பாய் வாடகைக்காரன் காலையிலகூட வந்தான்டா. நீ சொன்னதை நம்பித்தான் வேணாம்னு அனுப்பிட்டேன். இப்ப நான் எந்த வசந்தகுமாரை நம்புறது?”

கிழக்கே வானம் கறுத்து வந்தது. வசந்தகுமார் மிளகைத் துப்பினார். மைக்கை இருக்கையில் வைத்துவிட்டு, ஆட்டோவின் பின்னால் போய், முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்து ஃப்ளெக்ஸை இறக்கினார். அக்காவின் நெல்மேல் விரித்தார். ‘பருவம் மாறவில்லை’ மேல்பக்கமாக வந்தது. ஒரு கணம் பார்த்தார். பிறகு அதைப் புரட்டி, எழுத்து நெல்லைப் பார்க்கும்படி போட்டு, மூலைக்கு ஒரு செங்கலாக வைத்தார்.